ஸ்டார் ட்ரெக் கோர்ட் எபிசோடுகள்: எது மேலே, எது கீழே

விண்வெளிக் கப்பல், வேற்றுக்கிரகவாசிகள், ஒளியை மிஞ்சும் வேகம் எல்லாம் இருக்கிற ஒரு தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து சட்டம் பேசுகிற எபிசோடுகள்தான் என்று சொன்னால், ஸ்டார் ட்ரெக் பார்க்காதவர்கள் சிரிப்பார்கள். பார்த்தவர்கள் நேராகச் சண்டைக்கு வருவார்கள், உன் லிஸ்டில் எது முதலில் என்று. சரி, சொல்கிறேன்.

முதலில் இவ்வளவு கோர்ட் சீன் ஏன் என்று பார்த்தால், பெரிய காரணம் காசு. ஒரு மேஜை, நாலு நாற்காலி, நீதிபதி அடிக்க ஒரு மணி, முடிந்தது செட். 1966-இல் வந்த 'தி மெனாஜரி' இந்தச் சிக்கனத்தின் உச்சம். தொடருக்காக முதலில் எடுத்த பைலட் படத்தை என்பிசி சேனல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அந்தப் படம் சும்மா கிடந்தது. கப்பலின் அதிகாரி ஸ்பாக்கை கோர்ட் மார்ஷலில், அதாவது படை நீதிமன்றத்தில் நிறுத்தி, அந்தப் பைலட்டையே அவருடைய தரப்பு சாட்சியமாகத் திரையில் ஓட்டி, ரெண்டு எபிசோட் ஒப்பேற்றினார்கள். அதற்கு மறுவருஷம் ஹ்யூகோ விருதும் கிடைத்தது! ஆனால் அதை வழக்கு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, நீதிபதிகள் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் லிஸ்டில் இல்லை. மனித இனத்தையே கூண்டில் ஏற்றும் க்யூ என்கிற சர்வ வல்லமை படைத்த ஜீவனின் விசாரணையும் இல்லை, அது 1987-இல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்கிற அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் எபிசோடில் தொடங்கி 1994-இல் கடைசி எபிசோடில் முடிகிற விஷயம், அதை ஒரு எபிசோடாக எண்ண முடியாது. சினிமாக்களும் கிடையாது.

தரம் பிரிக்க என்னிடம் இருக்கிற அளவுகோல் எளிமையானது. 'செய்தது யார்' என்று தேடுகிற வழக்கு எனக்கு இரண்டாம் பட்சம். செய்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது குற்றமா, அந்தச் சட்டமே சரிதானா என்று கேட்கிற வழக்குதான் வேண்டும். நம்ம ஊர் சினிமாவில் கடைசி நிமிஷத்தில் கோர்ட் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சாட்சி ஓடிவருவாரே, அந்த மாதிரி முடிகிற எபிசோட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கீழேதான் போகும்.

அப்படிப் பார்த்தால் கடைசி இடம் 'எ மேட்டர் ஆஃப் பெர்ஸ்பெக்டிவ்'. ஒரு ஆராய்ச்சி நிலையம் வெடித்து விஞ்ஞானி சாகிறார், பழி நெக்ஸ்ட் ஜெனரேஷன் கப்பலின் துணைக் கேப்டன் ரைக்கர் மேல். நடந்ததை ஹோலோடெக்கில், அதாவது எந்தக் காட்சியையும் நிஜம் போல உருவாக்கிக் காட்டும் அறையில், ஒவ்வொருவர் சொல்கிறபடி திரும்பத் திரும்ப நடத்திக் காட்டுகிறார்கள். ரைக்கர் சொல்கிற ரைக்கர் பரம சாது, செத்தவரின் மனைவி சொல்கிற ரைக்கர் பொம்பளைப் பொறுக்கி. யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் ஞாபகத்தில் அதுதான் உண்மை என்று கப்பலின் ஆலோசகர் ட்ராய் சொல்கிற இடம் அருமை. எபிசோட் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்காமல் கதிர்வீச்சு, இத்தனை மணி நேர இடைவெளி என்று கணக்குப் போட்டு 'உண்மையில் நடந்தது இதுதான்' என்று முடித்துவிடுகிறார்கள். அப்புறம், குற்றம் சாட்டப்பட்டவர் வேலை பார்க்கிற கப்பலின் கம்ப்யூட்டரே சாட்சியத்தை வரைந்து காட்டுவதை எந்தக் கோர்ட்டில் ஒத்துக்கொள்வார்கள்?

டீப் ஸ்பேஸ் நைன் என்கிற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் 'டாக்ஸ்' (1993) பார்த்து எனக்கு எரிச்சலே வந்தது, ஏனென்றால் இந்த மொத்தத் தொடரிலும் மிகச் சுவையான சட்டக் கேள்விகளில் ஒன்று அதில்தான் இருக்கிறது. ட்ரில் இனத்தில் ஒரு உடம்புக்குள் இன்னொரு உயிர் குடியிருக்கும். உடம்பு செத்தால் அந்த உயிர் ஞாபகங்களோடு அடுத்த உடம்புக்குப் போய்விடும். அப்படியானால் முந்தைய உடம்பில் கர்ஸன் செய்ததாகச் சொல்லப்படும் கொலைக்கு இப்போதைய ஜட்ஸியாவைத் தூக்கில் போடலாமா? நூறு வயது நீதிபதி ரெனோரா, எனக்கு ஆயுசு ரொம்ப இல்லை, சீக்கிரம் முடியுங்கள் என்கிற தோரணையில் உட்கார்ந்திருப்பது கொள்ளை அழகு. கடைசியில்? கொலையான தளபதியின் மனைவி வந்து, அந்த நேரத்தில் கர்ஸன் என்னோடு படுக்கையில் இருந்தார் என்கிறாள். வழக்கு டிஸ்மிஸ். கேள்விக்குப் பதில்? அது அப்படியே கிடக்கிறது. 1996-இன் 'ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மென்ட்' இதே ரகம், ஆனால் ஒரு படி மேல். கிளிங்கான் என்கிற போர்வீர இனத்தில் பிறந்த அதிகாரி வோர்ஃப் சுட்ட கப்பலில் 441 பொதுமக்கள் செத்தார்கள் என்று கிளிங்கான் வக்கீல் ச்'போக் வழக்குப் போடுகிறான், கடைசியில் அந்தப் பயணிகள் யாருமே அந்தக் கப்பலில் இல்லை என்று தெரிகிறது. ஆனால் விடுதலையான வோர்ஃபை சிஸ்கோ தனியாகக் கூப்பிட்டு, என்ன கப்பல் என்று பார்க்காமலே சுட்டாயே என்று காய்ச்சி எடுக்கிறார். கோர்ட் விட்டது, கேப்டன் விடவில்லை. அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் மேலே வைத்தேன்.

1967-இன் 'கோர்ட் மார்ஷல்' மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, அதனால் தகுதிக்கு மேல் ஒரு படி ஏற்றிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் கர்க் தன் அதிகாரி ஃபின்னியைக் கொன்றதாக வழக்கு, சாட்சி கப்பலின் கம்ப்யூட்டர். கர்க் பொத்தானை அமுக்கியது பதிவிலேயே தெரிகிறது. அவருக்கு வக்கீலாக வரும் சாமுவேல் கோக்லிக்குக் கம்ப்யூட்டரே ஆகாது, அறை முழுக்கத் தடித்தடியாய்ப் புத்தகங்கள், சட்டம் அதில்தான் இருக்கிறது என்று அடம். இன்னொரு பக்கம் ஸ்பாக் கம்ப்யூட்டரோடு செஸ் ஆடி ஜெயித்துக்கொண்டே இருக்கிறார். அவரே புரோகிராம் செய்த ஆட்டம், அதிகபட்சம் டிரா ஆகலாம், ஜெயிக்கவே கூடாது. அப்படியானால் யாரோ கம்ப்யூட்டரில் கை வைத்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஆதாரம் என்கிற பேச்சே இல்லாத காலத்தில் 'பதிவு சொல்வதால் அது உண்மை ஆகிவிடுமா' என்று கேட்டார்கள் பாருங்கள், அதற்கு ஒரு சலாம். மற்றபடி, அரசு வக்கீல் கர்க்கின் பழைய காதலி, செத்தவன் சாகவில்லை, கப்பலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான், அவனை இதயத்துடிப்பை வைத்துப் பிடிக்கிறார்கள். முழு மசாலா.

என்டர்பிரைஸ் தொடரின் 'ஜட்ஜ்மென்ட்' (2003) பற்றிச் சுருக்கமாக: கதைக்காகப் பார்க்க வேண்டாம், கிழட்டு கிளிங்கான் வக்கீல் கோலோஸுக்காகப் பாருங்கள். நடித்தவர் ஜே. ஜி. ஹெர்ட்ஸ்லர், டீப் ஸ்பேஸ் நைனின் மார்ட்டாக்கும் இவர்தான். கட்சிக்காரருக்காக வாயே திறக்காத வக்கீலாக வந்து, ஒரு காலத்தில் இந்தக் கோர்ட்டில் நிஜமாகவே நீதி கிடைத்தது, என் அப்பா வாத்தியார், எல்லா கிளிங்கானும் போர்வீரர்களாக இருந்ததில்லை என்று பேசுகிற இடத்தில் முப்பது வருஷமாக நாம் பார்த்த மொத்த இனமும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது.

வாயேஜர் தொடரில் ரெண்டு. 'டெத் விஷ்' (1996) சாவே இல்லாத ஒரு க்யூ, என்னைச் சாக விடுங்கள் என்று கேப்டன் ஜேன்வேயிடம் அடைக்கலம் கேட்கிற வழக்கு. க்யூக்களின் உலகத்தை ஒரு பாலைவன ரோடாகவும், பேசப் பேச்சே மிச்சமில்லாமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடமாகவும் காட்டுவார்கள். எல்லாம் சொல்லியாகிவிட்டது, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கருணைக்கொலை பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவதை விட அந்த ரோட்டுக்குக் கனம் அதிகம். இன்னொன்று 'ஆத்தர், ஆத்தர்' (2001), அதை அப்புறம் சொல்கிறேன், அது இன்னொரு வழக்கோடு சேர்ந்தது.

'தி ஃபர்ஸ்ட் டியூட்டி' (1992) ஐந்தாம் இடம். விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் அகாடமி மாணவர்கள் தடைசெய்யப்பட்ட ஒரு சாகசத்தை விமானங்களில் முயற்சி செய்து, ஜோஷுவா ஆல்பர்ட் என்கிற பையன் செத்துப்போகிறான். குழுத் தலைவன் லோகார்னோ, பழியைச் செத்தவன் மேலேயே போடலாம் என்கிறான், நெக்ஸ்ட் ஜெனரேஷன் கப்பலிலிருந்து படிக்க வந்த வெஸ்லி உட்பட எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் ஒரு காட்சி. செத்த பையனின் அப்பா வெஸ்லியைத் தேடி வருகிறார். திட்டத்தான் வருகிறார் என்று நினைப்போம். அவர் மன்னிப்புக் கேட்கிறார், என் பையன் உங்களைக் கைவிட்டுவிட்டான் என்று. வெஸ்லி முகத்தைப் பார்க்க முடியாது. இதை எழுதும்போது, வெஸ்லி நண்பர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எழுத்தாளர் ரொனால்ட் மூரும், உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர் மைக்கேல் பில்லரும் மோதிக்கொண்டார்கள். பில்லர் ஜெயித்தார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆனால் மூர் பக்கம் இருந்த நியாயமும் எபிசோடுக்குள் அப்படியே தங்கிவிட்டது, அதனால்தான் வெஸ்லி எழுந்து நின்று பேசும்போது நமக்கு நிம்மதி வருவதில்லை.

நான்காவது 'ட்ரைப்யூனல்' (1994). டீப் ஸ்பேஸ் நைனின் இன்ஜினியர் ஓ'பிரையன் மனைவியோடு லீவில் கிளம்புகிறார், கார்டாசியர்கள் என்கிற சர்வாதிகார இனத்தார் வழிமறித்துப் பிடிக்கிறார்கள், துணியை உருவி, ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே தள்ளுகிறார்கள். என்ன குற்றம் என்று கேட்டால் கோர்ட்டில் தெரியும் என்கிறார்கள். தண்டனை மட்டும் முன்கூட்டியே முடிவாகிவிட்டது, மரணம். விசாரணை எதற்கு என்றால் டிவியில் ஜனங்கள் பார்ப்பதற்கு, அரசாங்கம் தப்பே செய்யாது என்று அவர்களுக்கு ஒரு ஆறுதல் வேண்டுமாம். இதில் ஓ'பிரையனின் வக்கீல் கோவாட் இருக்கிறாரே, வில்லன் இல்லை, நல்ல மனுஷன், பணிவானவர், ஓய்வு பெறும் வயது. அவருடைய வேலை கட்சிக்காரரை அழகாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது, அதை ஒரு கலையாகவே நினைக்கிறார். வாழ்நாளில் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை. கடைசியில் ஓ'பிரையன் விடுதலையாகும்போது அந்தக் கோர்ட்டில் பயத்தில் வெலவெலத்துப் போகிற ஒரே ஆள் இவர்தான், ஜெயித்துத் தொலைத்துவிட்டோமே, என்னைக் கொன்றுவிடுவார்களே என்று. சிஸ்கோவாக நடிக்கும் அவேரி புரூக்ஸ் இந்தத் தொடரில் முதன்முதலாக இயக்கிய எபிசோட் இது. வழக்கின் முடிச்சை அவிழ்க்கிற விதம் என் அளவுகோல்படி சுமார்தான், ஆனால் கோவாட் காப்பாற்றிவிடுகிறார்.

மூன்றாவது இடத்துக்குப் புதிசு ஒன்று. 2023-இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடரில் வந்த 'ஆட் ஆஸ்ட்ரா பெர் ஆஸ்பெரா'. கப்பலின் துணைக் கேப்டன் ஊனா பிறப்பால் இலிரியன் என்கிற இனம், மரபணு மாற்றம் செய்யப்பட்டவள், அது ஸ்டார்ஃப்ளீட்டில் தடை, மறைத்து வேலையில் சேர்ந்துவிட்டாள். இதில் மர்மமே கிடையாது, மறைத்தேன் என்று அவளே சொல்கிறாள். அவளுக்காக வாதாடும் நீரா பழைய தோழி, அதே இனம், ஸ்டார்ஃப்ளீட்டைக் கண்டாலே ஆகாது, ஊனா மேலும் கோபம், நாங்கள் ஒதுக்கப்பட்ட ஊரில் கிடந்தபோது நீ மட்டும் மனிதராக வேஷம் போட்டுத் தப்பித்துக்கொண்டாய் என்று. அட்மிரல் ஏப்ரலைக் கூண்டில் ஏற்றி, நீங்கள் எத்தனை தடவை விதியை மீறினீர்கள், யாருக்காக மீறினீர்கள், யாருக்காக மீறவில்லை என்று அவள் கேட்கிற கேள்விகளில் அந்த மனிதர் கரைந்துபோவதைப் பாருங்கள். கடைசியில் ஊனா ஜெயிப்பது அடைக்கலம் பற்றிய ஒரு விதியின் இடுக்கு வழியாகத்தான், சட்டம் அப்படியே இருக்கிறது. சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு இதுதான் பலம். கதைக் காலத்தில் நூறு வருஷத்துக்கும் மேல் தள்ளி டீப் ஸ்பேஸ் நைனில் டாக்டர் பஷீர் மரபணு மாற்றம் செய்யப்பட்டவர் என்று தெரியவரும்போது அதே தடை உயிரோடு இருக்கிறது, மகன் வேலையைக் காப்பாற்ற அவர் அப்பா இரண்டு வருஷம் ஜெயிலுக்குப் போகிறார். ஒருத்தி ஜெயித்தாள், அவள் மட்டும்தான் ஜெயித்தாள்.

இப்போது இரண்டாம் இடம், இங்கேதான் சண்டை வரும். 'தி மெஷர் ஆஃப் எ மேன்' (1989). எல்லா லிஸ்டிலும் இதுதான் முதலில் இருக்கும், எனக்குத் தெரியும். எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், எழுத வருவதற்கு முன் வக்கீலாக இருந்தவர். அடிமைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று 1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை மனதில் வைத்துத்தான் இதை எழுதினார். டேட்டா என்கிற ஆண்ட்ராய்டைப் பிரித்து ஆராய வேண்டும், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்ல அதற்கு உரிமை கிடையாது, அது ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்து என்கிறார் மேடக்ஸ் என்கிற விஞ்ஞானி. புது அலுவலகம், நீதிபதி லூவாவுக்கு ஆள்பலம் இல்லை, அதனால் கேப்டன் பிக்கார்ட் டேட்டாவுக்கு வக்கீல், டேட்டாவின் நண்பன் ரைக்கர் எதிர்வக்கீல். மாட்டேன் என்கிறார் ரைக்கர். அப்படியானால் இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன், டேட்டா ஒரு டோஸ்டர் என்கிறாள் நீதிபதி. வேறு வழியே இல்லை, ஒழுங்காக வாதாடியே ஆக வேண்டும்.

ரைக்கர் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் வரைபடங்களைத் திரையில் புரட்டிக்கொண்டிருப்பார். ஒரு இடத்தில் கை நிற்கும். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வரும், ஜெயிக்கிற வழி கிடைத்துவிட்டது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு அப்படியே செத்துப்போகும், யாரை ஜெயிக்கப்போகிறோம் என்று உறைத்துவிட்டது. வசனம் கிடையாது. மறுநாள் கோர்ட்டில் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுவார், பேசிக்கொண்டே பின்னால் போய் ஸ்விட்சை அணைப்பார், டேட்டா மேஜை மேல் சரிவான். ஜோனதன் ஃப்ரேக்ஸ் இந்தத் தொடரில் செய்ததிலேயே அந்தச் சிரிப்புதான் சிறந்த நடிப்பு என்பேன்.

தீர்ப்பையும் கவனியுங்கள். டேட்டாவுக்கு உயிர் இருக்கிறது, ஆன்மா இருக்கிறது என்றெல்லாம் லூவா சொல்லவில்லை. எனக்கே இருக்கிறதா தெரியவில்லை, அதைத் தேடிப்பார்க்கிற சுதந்திரம் அவனுக்கு உண்டு, அவன் சொத்து இல்லை, அவ்வளவுதான். வக்கீல் எழுதிய தீர்ப்பு, எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். இதனால் என்ன ஆகிறது என்றால், இந்த வழக்கைப் பன்னிரண்டு வருஷம் கழித்து வாயேஜரில் மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கிறது. அதுதான் 'ஆத்தர், ஆத்தர்'. வாயேஜர் கப்பலின் டாக்டர் ஒரு ஹோலோகிராம், ஒளியால் ஆன செயற்கை ஆள்; அவர் ஒரு நாவல் எழுதுகிறார், பதிப்பாளர் திருத்தாத பிரதியை வெளியிட்டுவிட்டு, ஹோலோகிராமுக்கு உரிமை ஏது என்கிறார். நடுவர் 'ஆள்' என்று ஒப்புக்கொள்ளாமல் 'கலைஞர்' என்று மட்டும் ஒப்புக்கொள்கிறார். கடைசிக் காட்சியில் அதே டாக்டரின் முகத்தோடு வரிசையாக நிறைய ஹோலோகிராம்கள் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றன, ஒன்று இன்னொன்றிடம் அந்த நாவலைச் சிபாரிசு செய்கிறது. எதிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் டேட்டாக்களைச் செய்து வேலை வாங்கினால் அது என்ன என்று கப்பலில் பார் நடத்தும் கைனன் 1989-லேயே பிக்கார்டிடம் கேட்டாளே, அது இதுதான்.

அப்புறம் ஏன் முதலிடம் இல்லை? பிக்கார்டின் பேச்சு. அபாரமான பேச்சு, ஆனால் பேச்சு ஜெயித்துவிடுகிறது. நல்லவர் எழுந்து நன்றாகப் பேசினால் நீதி கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை.

முதலிடம் 'தி டிரம்ஹெட்' (1991). செலவைக் குறைக்கப் பழைய காட்சிகளை ஒட்டி ஒரு எபிசோட் கொடுங்கள் என்று ஸ்டூடியோ கேட்டதற்கு, அது வேண்டாம், இருக்கிற செட்டிலேயே குறைந்த காசில் ஒன்று எடுத்துத் தருகிறோம் என்று செய்தது. எழுதியவர் ஜெரி டெய்லர், இயக்கியவர் ரைக்கராக நடிக்கும் அதே ஃப்ரேக்ஸ். கப்பலில் வெடிவிபத்து, கூடவே ஒரு உளவாளி. விசாரிக்க வருகிறார் ஓய்வுபெற்ற அட்மிரல் நோரா சாட்டி, ஜீன் சிம்மன்ஸ். ஆரம்பத்தில் அவர் சொல்வது சரி! ஒரு கிளிங்கான் நிஜமாகவே உளவாளி, மருந்து ஊசிக்குள் ரகசியங்களை அமினோ அமில வரிசையாக மாற்றி மனித உடம்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். ஆகவே நமக்கும் அவர் மேல் மரியாதை வந்துவிடுகிறது. அடுத்துப் பிடிபடுவது டார்சஸ் என்கிற சின்னப் பையன், மருத்துவ உதவியாளன். ஏதோ மறைக்கிறான் என்கிறார் மனதைப் படிக்கிற உதவியாளர், அதுவும் சரி. தாத்தா வல்கன், அதாவது நட்பு இனம், என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறான், உண்மையில் ரோமுலன், எதிரி இனம். அதைப் போட்டு உடைத்துக் கேட்கும்போது பதில் சொல்ல மறுக்கிற உரிமையைப் பயன்படுத்துகிறான், அதையே குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குள் வெடித்தது சதியே இல்லை, ஒரு பாகம் தானாகப் பழுதானது என்று தெரிந்தாயிற்று. ஆனாலும் விசாரணை நிற்கவில்லை. அறையில் நாற்காலிகள்தான் கூடுகின்றன.

கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு ஆட்களை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்து அமெரிக்கா என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். நான் பார்ப்பது வோர்ஃபை. இந்த வேட்டைக்கு உற்சாகமாக ஓடியாடி ஆள் பிடித்துக் கொடுப்பது அவன்தான். ஒரு வருஷத்துக்கு முன்பு இதே வோர்ஃபின் செத்துப்போன அப்பாவைப் பொய்யாகத் துரோகி என்று சொல்லி, அந்தப் பழியை இவன் தலையில் கட்டிய கதையை நாம் பார்த்திருக்கிறோம். தாத்தாவுக்காகப் பேரனை விசாரிப்பது எவ்வளவு அநியாயம் என்று அந்தக் கப்பலில் யாருக்காவது தெரியும் என்றால் அது இவனுக்குத்தான். அவனே பிடிக்கிறான். எபிசோட் இதை ஒரு வசனத்தில் கூடச் சுட்டிக்காட்டுவதில்லை, தொடர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது.

கடைசியில் பிக்கார்டே கூண்டில். மற்ற இனங்களின் வளர்ச்சியில் தலையிடக் கூடாது என்கிற பிரைம் டைரக்டிவை ஒன்பது தடவை மீறினீர்கள், போர்க்குகள் என்கிற பாதி இயந்திர எதிரிகள் உங்களைப் பிடித்து வைத்திருந்தபோது 39 கப்பல்கள் அழிந்தன, கிட்டத்தட்ட 11,000 பேர் செத்தார்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா என்கிறார் சாட்டி. இதில் எதுவுமே பொய் இல்லை என்பதுதான் பயங்கரம். பிக்கார்ட் இங்கே வாதத்தில் ஜெயிப்பதில்லை, சாட்டியின் அப்பா, பெரிய நீதிபதி, சொன்ன வார்த்தைகளையே அமைதியாகத் திருப்பிச் சொல்கிறார், சாட்டி எல்லோர் முன்னாலும் வெடித்துக் கத்துகிறார், பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு அட்மிரல் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போய்விடுகிறார். தீர்ப்பு கிடையாது. சாட்டி மட்டும் கொஞ்சம் கட்டுப்பாட்டோடு இருந்திருந்தால்? டார்சஸ் போயிருப்பான், பிக்கார்டும் போயிருப்பார். விண்ணப்பத்தில் எழுதிய பொய்யால் டார்சஸின் வேலை எப்படியும் ஊசலாட்டம்தான், அதைப் பற்றி மேற்கொண்டு யாரும் பேசவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: நெக்ஸ்ட் ஜெனரேஷனில் சீசன் 2-இன் 9-ஆவது எபிசோட் 'மெஷர் ஆஃப் எ மேன்', சீசன் 4-இன் 21-ஆவது 'டிரம்ஹெட்'. ஆனால் டிரம்ஹெட்டுக்கு முன்னால் சீசன் 3-இன் 17-ஆவது எபிசோடான 'சின்ஸ் ஆஃப் த ஃபாதர்' பார்த்துவிடுங்கள், வோர்ஃப் அப்பா கதை அதில்தான். அதுவும் ஒரு வழக்குதான், கிளிங்கான் சபையில். அதை ஏன் லிஸ்டில் சேர்க்கவில்லை என்று கேட்டால், அங்கே நடப்பது பேரம், விசாரணை இல்லை. மறுக்கிறவர்கள் வாருங்கள், பேசலாம்.